கேள்விப் படிவத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக ஒரு தனியார் நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வு வேலை பார்க்கிறேன். வயது 25. சர்வதேச வளர்ச்சித் துறையில் பொருளியலாளராக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போது கையில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஓர் ஆய்வு அமைப்பில் 18 மாத ஒப்பந்தத்தில் கள ஆய்வு உதவியாளர் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிதான். இன்னொன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி. இடம். முதல் வருடம் உதவித்தொகை கிடையாது, அதன்பிறகு 'பார்க்கலாம்' என்கிறார்கள். என் கணிதம் சுமார். வளர்ச்சி உதவி அமைப்புகளே மூடப்படும் காலத்தில் இந்தத் துறைக்குப் போகலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். உலக வங்கி மாதிரியான இடத்தில் சேர எது சரியான வழி?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். கள ஆய்வு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை எழுத்தில் இல்லாத பிஎச்.டி. இடத்தை இந்த வருடம் ஏற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன, கணிதத்தைப் பற்றிய பயம் இருக்கிறது. எந்தப் பிரச்சினை உங்களை உறுத்துகிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. நான்கு வருடம் பள்ளிக்குப் போயும் ஒரு பத்தியை வாசிக்க முடியாத குழந்தையா? மழை பொய்த்த வருடத்தில் மாட்டை விற்றுச் சாப்பிடும் குடும்பமா? வட்டி கட்டியே வரி வருவாயை இழக்கும் அரசா? மூன்று பேரைப் பற்றி ஆராய்பவர்களையும் வளர்ச்சிப் பொருளியலாளர் என்றுதான் அழைக்கிறோம். ஆனால் அவர்களுடைய படிப்பு வேறு, கருவிகள் வேறு, வேலையிடமும் வேறு. கடன் சுமையைப் பற்றி யோசிப்பவர், ஒரு நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தை ஆராயும் பேரியல் பொருளியல் படித்து நிதி அமைச்சகத்திலோ சர்வதேச நாணய நிதியத்திலோ உட்கார்ந்திருப்பார். குழந்தையின் வாசிப்பைப் பற்றி யோசிப்பவர் வகுப்பறைக்குப் போய்த் தேர்வுத்தாள் தயாரிப்பார். இதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. அதை முடிவு செய்யவே அந்தப் 18 மாதம் உதவும்.

இந்த வேலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அறிக்கைகளும் மாநாடுகளும்தான் தெரியும். உள்ளே பெரும்பாலான நேரம் ஒரே கேள்வியோடுதான் போகிறது: இந்த எண் எங்கிருந்து வந்தது?

வறுமைக்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் உலக வங்கி தன் உலக வளர்ச்சி அறிக்கையில் நாளுக்கு ஒரு டாலர் என்ற கோட்டைப் போட்டது. மிக ஏழை நாடுகள் தங்களுக்கென்று வைத்திருந்த கோடுகளைப் பார்த்து எடுத்த அளவு அது. நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் கணக்கு புதுப்பிக்கப்பட்டபோதெல்லாம் கோடும் நகர்ந்தது. 2008-ல் 1.25 டாலர், 2015-ல் 1.90, 2022-ல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர். அந்தக் கடைசி மாற்றத்தில் கடும் வறுமையில் இருப்பதாக எண்ணப்படுவோர் சுமார் 12.5 கோடி பேர் கூடினார்கள். அன்று காலையில் எந்தக் குடும்பத்தின் வருமானமும் குறைந்துவிடவில்லை. கோடு உயர்ந்ததால் எண்ணிக்கை கூடியது. அதே நேரத்தில் சில நாடுகளின் கணக்கெடுப்பு மேம்பட்டு, முன்பு விட்டுப்போன நுகர்வும் பதிவானதால் எண்ணிக்கை குறைந்தது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் அந்த 12.5 கோடி. 'உலகில் வறுமை கூடிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நீங்கள் ஆகப் போகிறீர்கள்.

2014 ஏப்ரலில் நைஜீரியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியபோது, அந்த நாட்டின் பொருளாதாரம் கணக்கில் 89 சதவீதம் பெரிதாகி, தென்னாப்பிரிக்காவைத் தாண்டியது. செல்பேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் அதுவரை சரியாகக் கணக்கில் வரவே இல்லை. அதற்கு முந்தைய வருடங்களில் அந்த நாட்டைப் பற்றி எழுதப்பட்ட ஆலோசனை அறிக்கைகளை நினைத்துப் பாருங்கள். கடன் விகிதம், வரி விகிதம், கல்விச் செலவு விகிதம் எல்லாமே தவறான வகுத்தியால் வகுக்கப்பட்டவை.

இப்படிப்பட்ட எண்கள் எங்கே பிறக்கின்றன என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கினால், கடைசியில் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் நிற்போம். அங்கே கையில் டேப்லெட்டோடு ஒரு கணக்கெடுப்பாளர் உட்கார்ந்திருப்பார். 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?' என்பது அவருடைய முதல் கேள்வி. சாதாரணக் கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் வேறு நாட்டில் வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகனைச் சேர்ப்பதா, வேண்டாமா? பெரும்பாலான கணக்கெடுப்புகளில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடும்பம். அப்படிப் பார்த்தால் மகன் கணக்கில் இல்லை, அவன் அனுப்பும் பணம் மட்டும் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது குடும்பம் கொஞ்சம் வசதியானதாகத் தெரியும். அவனையும் சேர்த்து எண்ணினால் அதே குடும்பம் ஏழையாகிவிடும். திண்ணையில் எடுக்கும் இந்தச் சின்ன முடிவு, தலைநகரில் ஒரு நலத்திட்டப் பட்டியலில் போய் உட்காரும்.

எத்தனை நாளை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்கிறோம் என்பதும் அப்படித்தான். தான்சானியாவில் ஆய்வாளர்கள் சுமார் 4,000 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் எட்டுப் பிரிவாகப் பிரித்து, நுகர்வை எட்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். சிலரிடம் கடந்த 7 நாள், சிலரிடம் 14 நாள், சிலரிடம் வழக்கமான ஒரு மாதம், சிலருக்கு நாள்தோறும் எழுதிவைக்கும் நாட்குறிப்பு. நாடும் காலமும் ஒன்றே. கேட்ட விதம் மாறியதால் மட்டுமே வறுமை விகிதம் கணிசமாக மாறியது. இந்தியாவில் 1999-2000-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 7 நாள் கேள்வியையும் 30 நாள் கேள்வியையும் ஒரே குடும்பத்திடம் பக்கத்துப் பக்கத்தில் கேட்டுவிட்டார்கள். ஒரு பதில் இன்னொரு பதிலைப் பாதித்திருக்கக்கூடும் என்பதால், அந்தப் பத்தாண்டில் வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று பொருளியலாளர்கள் பல வருடம் வாதாடினார்கள்.

நானும் களத்தில்தான் தொடங்கினேன். முதல் வருடத்தில் செய்த ஒரு தவறை இன்றும் மறக்கவில்லை. பதில் தெரியாதவர்களுக்கு 999 என்று பதியும் வழக்கம் எங்கள் படிவத்தில் இருந்தது. அதை நீக்காமல் நிலப்பரப்பின் சராசரியைப் போட்டு அனுப்பிவிட்டேன். அட்டவணை பார்க்க ஒழுங்காகவே இருந்தது. எங்கள் குழுவில் கணக்கெடுப்பாளராக இருந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, 'அந்த ஊரில் இவ்வளவு நிலம் யாரிடமும் கிடையாதே' என்றார். அவர் பொருளியல் படித்தவர் அல்ல. அந்த வீடுகளுக்குள் போய் வந்தவர். அன்று முதல் எந்தத் தரவுக்கோப்பைத் திறந்தாலும், முதல் நாள் முழுக்க ஒவ்வொரு மாறியின் சிறிய மதிப்பையும் பெரிய மதிப்பையும் பார்ப்பதிலேயே செலவழிக்கிறேன். நீங்கள் இப்போது தனியார் நிறுவனத்தில் செய்யும் வேலை இதற்கு நல்ல அடித்தளம். ஆனால் அங்கே தரவு தானாக வந்து விழுகிறது. இங்கே அதை ஒரு மனிதரிடம் அவருடைய வேலை நேரத்தை வாங்கிக்கொண்டு கேட்டுப் பெற வேண்டும்.

களம் இன்னொன்றையும் கற்றுத்தரும். நாம் நல்லது என்று நினைப்பது நல்லதுதானா என்ற சந்தேகத்தை. 1990-களில் கென்யாவின் மேற்குப் பகுதியில் பள்ளிகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். புத்தகம் இல்லாத பள்ளிக்குப் புத்தகம் கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? சராசரி மதிப்பெண் கூடவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் மேலே போனார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. எடுத்துப் படிக்கவே முடியாத புத்தகம் அவர்களுக்கு எப்படி உதவும்? அந்த ஆய்வில் பங்கெடுத்த மைக்கேல் கிரெமர், அபிஜித் பானர்ஜியோடும் எஸ்தர் டஃப்லோவோடும் 2019-ல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குலுக்கல் முறையில் சிலருக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிடும் இந்தச் சோதனை முறையைத்தான் நீங்கள் சேரப்போகும் அமைப்பும் பெரும்பாலும் பயன்படுத்தும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாட்டின் நாணய மதிப்பை வைத்துக் குலுக்கல் போட முடியாது. ஓர் இடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கும் என்று சொல்ல முடியாது. 2015-ல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். ஆனாலும் பெரிய நம்பிக்கைகளை அளந்து பார்க்கும் வேலையை இந்த முறை நன்றாகவே செய்திருக்கிறது. சிறுகடன் வறுமையை ஒழித்துவிடும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. 2015-ல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளின் சோதனை முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. சிறுகடனால் சிலருக்குத் தொழிலில் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. சராசரிக் குடும்ப வருமானம் பெரிதாக உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நம்பிக்கையோடு வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு அது கசப்பான செய்திதான். அதைச் சொல்லும் துணிவு இந்த வேலைக்கு வேண்டும்.

இனி உங்கள் வீட்டார் கேட்கும் கேள்வி. அவர்கள் கவலை நியாயமானது, தட்டிக்கழிக்க மாட்டேன். 1961-ல் தொடங்கப்பட்ட, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு செயல்பாட்டை நிறுத்திவிட்டது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்குக் கொடுத்துவந்தது. 2021-ல் அது 0.5 ஆனது, 2027-க்குள் 0.3 ஆகும் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தந்தது ஒரு கணக்கெடுப்பின் நிலை. 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புகளை நடத்த உதவிய திட்டத்துக்கு அமெரிக்கா கொடுத்த பணம் 2025 பிப்ரவரியில் நின்றது. குழந்தை இறப்பு, தாய்மார்களின் உடல்நலம் ஆகியவற்றைப் பற்றிப் பல நாடுகளில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்ததுதான். பல வருடம் அதில் உழைத்த திறமையான மனிதர்கள் திடீரென்று வேலை இழந்தார்கள். ஆகவே 'பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் உதவி அமைப்பும் வளர்ச்சியும் ஒன்றல்ல. 2024-ல் பணக்கார நாடுகள் கொடுத்த அதிகாரபூர்வ உதவி மொத்தம் சுமார் 21,200 கோடி டாலர். அதே வருடம் வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வளரும் நாடுகளுக்கு அனுப்பிய பணம் உலக வங்கியின் மதிப்பீட்டில் சுமார் 68,500 கோடி டாலர். மூன்று மடங்குக்கும் மேல். வளரும் நாடுகளின் அரசுகள் தங்கள் வரிப்பணத்தில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் செலவழிப்பதோடு ஒப்பிட்டால், சில மிக ஏழை நாடுகள் தவிர மற்ற இடங்களில் உதவிப் பணம் சிறு பங்குதான். அந்தச் செலவு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் ஆட்கள் குறைவு. வெளியிலிருந்து வரும் பணம் வற்றும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு காசையும் எங்கே வைப்பது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதைக் கேட்கும் இடம் நிதி அமைச்சகம், திட்டத் துறை, புள்ளியியல் அலுவலகம், மத்திய வங்கி. வரும் இருபது வருடத்தில் இந்தத் துறையின் முக்கியமான வேலை அந்த அறைகளில்தான் நடக்கும் என்பது என் திடமான நம்பிக்கை.

மெக்சிகோவில் 1997-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நிதி அமைச்சகத்தில் துணை அமைச்சராக இருந்த சான்டியாகோ லெவி என்ற பொருளியலாளர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால், உடல்நலப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் தாயின் கையில் பணம் என்ற புரோகிரெசா திட்டத்தை வடிவமைப்பதில் முன்னின்றார். முதலிலேயே 506 கிராமங்களை எடுத்து, 320-க்கு முன்னதாகவும் மீதமுள்ள 186-க்குப் பின்னதாகவும் கொடுத்து, இடையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2000-ல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டங்களைத் தூக்கிப்போடுவது அங்கே வழக்கம். ஆனால் வெளி ஆய்வாளர்கள் அளந்து சொன்ன முடிவுகள் மேசையில் இருந்தன. திட்டம் பெயர் மாறிப் பிழைத்து, 2019 வரை நடந்தது. மற்ற நாடுகளும் அதைப் பார்த்துத் தங்கள் திட்டங்களைத் தொடங்கின. ஓர் அமைச்சக அறையில் இருந்தவர், கணக்குப் போடத் தெரிந்தவர், அரசியலும் புரிந்தவர். அப்படிப்பட்டவர்கள் இன்னும் நூறு பேர் வேண்டும்.

இளம் பொருளியலாளர்களை இப்படிப்பட்ட அறைகளுக்கு அனுப்பவென்றே லண்டனில் உள்ள ஓடிஐ என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் ஃபெலோஷிப் திட்டம் 1963-ல் தொடங்கியது. முதுகலை முடித்தவர்களை இரண்டு வருடத்துக்கு வளரும் நாட்டு அரசு அலுவலகங்களில் அமர்த்துவார்கள். ஆலோசகராக வந்து போகிறவருக்கும், தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து நிதிநிலை அறிக்கைக்கான குறிப்பை நள்ளிரவில் தட்டச்சு செய்கிறவருக்கும் கிடைக்கும் படிப்பு வேறு. கள வேலை முடியும்போது புதியவர்களை எடுக்கிறார்களா என்று பார்த்து, இதற்கு விண்ணப்பிக்க முயலுங்கள்.

உலக வங்கியைப் பற்றியும் கேட்டீர்கள். அங்கே நிரந்தர வேலை கிடைப்பது அரிது. 1963-ல் தொடங்கிய இளம் வல்லுநர் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், எடுப்பதோ சில பத்துப் பேரை. சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர் திட்டத்துக்குப் பெரும்பாலும் பேரியல் பொருளியலில் பிஎச்.டி. எதிர்பார்ப்பார்கள். ஐ.நா.வின் இளநிலை அதிகாரிப் பணியிடங்களுக்கு அந்தந்த நாட்டு அரசுகள் பணம் கட்டுவதால், உங்கள் குடியுரிமையைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும். உலக வங்கிக்குள் இருப்பவர்களில் மிகப் பலர் குறுகிய கால ஒப்பந்த ஆலோசகராக நுழைந்தவர்கள். ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 150 நாள் வேலை. ஓய்வூதியம் கிடையாது, அடுத்த வருடம் உறுதி கிடையாது. முப்பத்தைந்து வயதில், கைக்குழந்தையோடு, அங்கே நிதியாண்டு முடியும் ஜூன் மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருந்த நண்பர்களை எனக்குத் தெரியும். இதை உங்களிடம் மறைப்பது சரியல்ல. முப்பது வயதுக்குள் ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பை வைத்திருங்கள். அது இருந்தால்தான் தவறான அறிக்கையில் கையெழுத்துப் போட மறுக்க முடியும்.

மறுக்க வேண்டிய சந்தர்ப்பம் வரும், வந்தே தீரும். 2021 செப்டம்பரில் உலக வங்கி, தொழில் நடத்துவது எந்த நாட்டில் எளிது என்று தரவரிசை போட்டுவந்த தன் புகழ்பெற்ற அறிக்கையையே நிறுத்தியது. 2018, 2020 பதிப்புகளில் சில நாடுகளின் தரவில் முறைகேடு நடந்திருப்பது தெரியவந்ததுதான் காரணம். தரவரிசையில் ஓரிடம் முன்னேற அரசுகள் சட்டங்களையே மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. கீழ்நிலையில் வேலை பார்த்த யாரோ ஒருவருடைய கணினியில்தான் அந்த எண்கள் மாறியிருக்கும். அந்த நாற்காலியில் நாளை நீங்கள் இருக்கலாம்.

சரி, கணிதத்துக்கு வருவோம். 'சுமார்' என்று எழுதியிருக்கிறீர்கள். வளர்ச்சிப் பொருளியலாளராக வேலை பார்க்க மேதை நிலைக் கணிதம் தேவையில்லை. புள்ளியியல் மட்டும் எலும்பு வரை இறங்கியிருக்க வேண்டும். மாதிரி எடுப்பது என்றால் என்ன, திட்டப் பிழை (standard error) என்ன சொல்கிறது, ஒப்பிடும் இரண்டு குழுக்கள் ஏன் ஆரம்பத்திலேயே வேறுபட்டிருக்கக்கூடும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். பிஎச்.டி.க்குப் போவதென்றால் கதை வேறு. முதல் வருடப் பாடங்களில் நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் தெரியாமல் மூச்சு முட்டும். கள வேலையின்போது மாலை நேரங்களில் அதைப் படிக்கலாம். எம்ஐடி பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் தரவு, பொருளியல், வளர்ச்சிக் கொள்கை பற்றிய மைக்ரோமாஸ்டர்ஸ் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டும் கட்டணம். ஸ்டேட்டா (Stata) அல்லது ஆர் (R), இந்த இரண்டு புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். வெளியான ஒரு கட்டுரையின் தரவை இறக்கி, அதன் அட்டவணைகளை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்புக்கான வீட்டுப்பாடமாக இதைச் செய்யப்போய், அரசுக் கடனும் வளர்ச்சியும் பற்றிப் பொருளியலாளர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் எக்செல் கோப்பில் ஐந்து நாடுகள் சராசரியிலிருந்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் மேற்கோள் காட்டிவந்த கட்டுரை அது. நீங்கள் எந்தத் தவறையும் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் ஓர் அட்டவணைக்குப் பின்னால் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பது விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

பிஎச்.டி. வேண்டுமா என்பதற்கு என் பதில்: ஆராய்ச்சி உங்கள் வாழ்க்கையாக வேண்டுமென்றால் வேண்டும், இல்லையென்றால் அவசியமில்லை. அமைச்சகங்களிலும் மதிப்பீட்டு அமைப்புகளிலும் நல்ல முதுகலையோடு நீண்ட தூரம் போனவர்கள் நிறைய. ஐந்தாறு வருடத்தை அதில் போடுவதென்றால், உதவித்தொகை தரும் இடத்தில் மட்டும் போடுங்கள். அமெரிக்காவின் நல்ல துறைகளில் பல, சேர்த்துக்கொள்ளும் மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் மாதப் பணமும் தருகின்றன. உங்களை வேண்டும் என்று நினைக்கும் துறை அதை எழுத்தில் தரும். ஒன்றரை வருடக் கள அனுபவமும், உங்கள் வேலையைக் கூட இருந்து பார்த்த ஓர் ஆய்வாளரின் பரிந்துரைக் கடிதமும் இருந்தால், இப்போது கிடைத்ததைவிட நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மொழியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கப் பிரெஞ்சு வேண்டும், லத்தீன் அமெரிக்காவில் ஸ்பானிஷ். அதைவிட முக்கியம், நீங்கள் போகும் பகுதியில் மக்கள் வீட்டில் பேசும் மொழி. ஐம்பது சொற்கள் தெரிந்தால்கூட, மொழிபெயர்ப்பாளர் ஒரு நீண்ட பதிலை இரண்டு சொல்லாகச் சுருக்கும்போது உங்களுக்குப் புரிந்துவிடும்.

கள வேலையில் சேரும் முன் சிலவற்றை அந்த ஆய்வு அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேள்விப் படிவத்தை எழுதும் கட்டத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா, இல்லை அச்சான படிவத்தை நடத்துவது மட்டுமா? தரவைச் சுத்தம் செய்யும் நிரலை நீங்கள் எழுதுவீர்களா? தலைமை ஆய்வாளர்கள் உங்களோடு நேரடியாகப் பேசுவார்களா, அல்லது மூன்று அடுக்குக்கு மேலேதான் இருப்பார்களா? பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் யாருடைய பொறுப்பு? இரவில் தங்குமிடம் பாதுகாப்பானதா? முதல் மூன்றில் இரண்டுக்காவது தெளிவான பதில் வந்தால் பாதிச் சம்பளத்துக்கும் போகலாம். கடைசி இரண்டுக்கு மழுப்பினால், அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கும் இந்த வாரமே எழுதுங்கள். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா, இரண்டாம் வருடத்திலிருந்து உதவித்தொகை உண்டு என்று எழுத்தில் தருவார்களா என்று இரண்டே கேள்வி. தள்ளிவைக்கச் சம்மதித்தால், களத்தின் ஒப்பந்தம் 18 மாதம் என்பதால் அதை எப்படிப் பொருத்துவது என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளலாம். மறுத்தால் வருத்தப்பட வேண்டாம், அந்த இடம் உங்களுக்காக வைக்கப்பட்டது அல்ல.

கள வேலையில் சேர்ந்தால், மூன்றாவது மாத வாக்கில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் படிவத்தில் எந்தக் கேள்வி வரும்போது ஆட்கள் பேச்சை மாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.